ஹியூபேட்டின் கேற்றுக்கு வெள்ளிப் பெயின்ற்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் ஒன்பதாம் நம்பர் வீட்டுக் கேற்றுக்கு வெள்ளிப் பெயின்ற் அடிப்பித்தவன் நான்தான். பெயர் பேர்னாட். துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவன். மாதா திருவிழாக் கொமிற்றியின் செக்ரட்டரி. ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் மூக்கை நுழைக்கிறவன். அந்த மூக்குத்தான் ஹியூபேட்டின் பத்து வருடத்தை நாசமாக்கியது. அவனுடைய மனைவி ஐறீன் இதை வாசிக்க மாட்டாள். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளிக்கூடத்தில் சிங்களத்தில் படித்தவள், தமிழ் எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஹியூபேட்டைப் பெரிய படிப்பாளி என்று நினைத்துவிட வேண்டாம். நானும் அவனும் ஒரே வகுப்பு. ஓ.எல். சோதனையில் கணக்கும் விஞ்ஞானமும் தேறினான், மற்றதெல்லாம் கோட்டை விட்டான். 1980இல் இரும்புக்கு நாகம், அதுதான் துத்தநாகம், பூசுகிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். உருக்கிய நாகத்தில் இரும்பை முக்கி எடுத்தால் அதன் மேல் மெல்லிய தோல் ஒன்று பிடிக்கும். அந்தத் தோல் இருக்கும்வரை இரும்பில் துரு ஏறாது. கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய், பல்கனிக் கம்பி எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள் என்று அவன்தான் எனக்குச் சொன்னான். நான் கேட்காமலேயே சொன்னான், ஒரு தடவை அல்ல, ஐந்நூறு தடவை. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் யன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். என் கலியாண வீட்டில் மாப்பிள்ளைக் கதிரையின் காலைச் சுரண்டினான், விசரன்.

அந்தத் தொழிற்சாலையில் அமிலப் புகையும் நாகப் புகையும் ஓயாது. புகைக்குப் பால் நல்லது என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரு கோப்பை பால் குடித்துவிட்டு, இனி நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். முப்பத்தொரு வருடம் அவன் பால் குடித்தான்.

அங்கே அவன் முதலில் கண்டுபிடித்தது ஒரு சின்ன விஷயம். அமிலத்தில் கழுவிய இரும்பை நாகத்தில் முக்குவதற்கு முன் ஒரு உப்புக் கரைசலில் நனைப்பார்கள். அந்தக் கரைசலை அவன் கொஞ்சம் மாற்றினான். அதற்குப் பிறகு தோல் பிடிக்காத பொட்டுகள் இல்லாமல் போயின. எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தான். மனேஜர் அதைத் தன் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பரிசு வாங்கினார். ஹியூபேட்டுக்கு ஒரு சுவர் மணிக்கூடு கொடுத்தார்கள். அது இன்றைக்கும் ஐறீனின் குசினியில் ஐந்து நிமிடம் பிந்தி ஓடுகிறது. அதோடு 2011இல் வேலையை விட்டான். இனி என் வேலையைப் பற்றி ஒருத்தனுக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தியமும் பின்னால் அவன் கழுத்துக்குக் கயிறாக வந்தது.

அடுத்த வருடம்தான் வெள்ளவத்தைச் சம்பவம். அவனுடைய ஒரே மகள் சாமினி கலியாணம் முடித்துக் கடலுக்கு இறங்குகிற ரோட்டில் மூன்றாம் மாடி பிளாற் ஒன்றில் இருந்தாள். பல்கனிக் கம்பி அப்பாவின் கலியாணப் பரிசு. தொழிற்சாலையில் நின்று தன் கையாலேயே முக்கி எடுத்தது. மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் சாமினி துவாய் காயப்போடச் சாய்ந்தபோது கம்பி அடியோடு கழன்று கீழே ரோட்டில் விழுந்தது. அவள் பின்பக்கமாக விழுந்ததால் தப்பினாள். ரோட்டிலும் அந்த நேரம் யாரும் வரவில்லை. மாதாவின் புண்ணியம் என்று நாங்கள் எல்லோரும் மெழுகுதிரி கொளுத்தினோம். ஹியூபேட் கொளுத்தவில்லை. விழுந்த கம்பியை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து ஹோலில் சாய்த்து வைத்தான். அடிப்பக்கம் கறையான் தின்ற பலகையைப் போல இருந்தது.

"இது நான் முக்கினது மச்சான்," என்றான். "என்ர கையால. பிள்ளை செத்திருந்தா நான்தான் கொன்றது."

கடல்காற்று அப்படித்தான், உன் பிழை இல்லை என்று நான் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்ட் ஒன்றுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலை வாடகைக்கு எடுத்தான். கடல்காற்றுக்குச் சாகாத பூச்சு ஒன்றைக் கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னான். அன்றிலிருந்து சாகும்வரை அவனுக்கு வேறு கதை இல்லை. தான் முக்கிய ஒரு கம்பி உப்புக்காற்றில் நிலைக்கும் என்பதை உலகம் ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

மருதானையில் பழைய இரும்பு விற்கிற கடை ஒன்றில் அவனுக்கு ஒரு சாக்கு உலோகக் கட்டிகள் கிடைத்தன. கப்பலின் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூட்டுகிற கட்டிகள். உடைத்த கப்பல் ஒன்றிலிருந்து வந்தவை. அவற்றை நாகத்தோடு சேர்த்து உருக்கிப் பார்த்தான். எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு சூடு, எத்தனை நொடி என்று ஒன்றரை வருடம் அதிலேயே கிடந்தான். கடைசியில் ஒரு பூச்சுப் பிடித்தது. உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தும் அசையவில்லை. ஆனால் மினுக்கம் இல்லை. கழுவாத சட்டியின் அடியைப் போல ஒரு சாம்பல் நிறம். கிறில் செய்கிறவர்களுக்கு மினுங்க வேண்டும். மருதானை வேர்க்‌ஷொப்காரன் ஒருவன் இதைப் பிரேதப் பெட்டியின் கைபிடிக்குப் பூசினாலும் சொந்தக்காரர் சண்டைக்கு வருவார்கள் என்று சொல்லிச் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனான். அங்கே ஷிம்னா என்று ஓர் இளம் விரிவுரையாளர், நல்ல பிள்ளை. துரத்தாமல் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறாள். ஆய்வுகூடத்துச் சோதனையை மட்டும் காட்டினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், சாதாரணக் கம்பியையும் உங்கள் கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து வருடம் உண்மையான கடல்காற்றில் விடுங்கள், ஒரு கையும் படக்கூடாது, அதன் பிறகு நானே வந்து அறிக்கை எழுதி உங்கள் பெயரில் பதிவுசெய்து தருகிறேன் என்றாளாம். வேறு ஆளாக இருந்தால் பத்து வருடமா என்று சிரித்துவிட்டு வந்திருப்பான். இவன் வந்து கேற் செய்தான்.

இருபத்திரண்டு கம்பிகள். பதினொன்று அவன் முக்கியவை, பதினொன்று வெளியே கொடுத்து வழக்கமான முறையில் முக்கியவை. ஒன்றுவிட்டு ஒன்று. வெல்டிங் சூடு பூச்சைக் கெடுக்கும் என்று எல்லாவற்றையும் ஆணி மறை போட்டே பூட்டினான். 2014 செப்டெம்பர் எட்டாம் திகதி, மாதா பிறந்த நாளன்று கேற்றைத் தூக்கி மாட்டினோம். ஒரு பக்கம் பிடித்தவன் நான். எங்கள் ஒழுங்கை நேரே துறைமுகத்தைப் பார்த்து இறங்குகிறது. உப்புக்காற்றும் லொறிப் புகையும் சேர்ந்து அடிக்கும். மூன்றாம் வருடம் சாதாரணக் கம்பிகளில் பொட்டுப் பொட்டாகத் துரு கிளம்பியது. ஏழாம் வருடம் அவை முழுக்கச் செம்பட்டை. அவனுடைய பதினொன்றும் மாட்டிய அன்று இருந்த அதே சாம்பல் நிறம். பக்கத்து வீட்டுப் பிறிஜெற் அந்தக் கேற்றுக்கு வரிக்குதிரை என்று பெயர் வைத்தாள். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. ஹியூபேட்டும் சிரித்தான். அவனுக்கு அதுதான் சந்தோஷம்.

ஆனால் இரண்டாம் வருடத்திலேயே அவன் தலையில் இடி விழுந்திருந்தது. 2016 மே மாத வெள்ளம். ஒருகொடவத்தைக் கொட்டில் கூரை மட்டும் தெரிய மூழ்கியது. குறிப்புக் கொப்பி கூழாகிவிட்டது, அந்தச் சத்தியத்தால் வேறு ஒருவரிடமும் அதில் ஒரு வரி இல்லை. மிச்சக் கட்டிகளும், முக்கி வைத்திருந்த மாதிரித் துண்டுகளும் தண்ணீரோடு போயினவா, தண்ணீர் வடிந்தபின் யாராவது தூக்கினார்களா, தெரியாது. மருதானைக் கடைக்காரனுக்கு அது எந்தக் கப்பல் என்று ஞாபகமில்லை. வேறு கட்டிகளைப் போட்டுப் பார்த்தான், அந்தத் தோல் வரவில்லை. அந்தக் கட்டிகளில் என்ன கலந்திருந்தது என்பது இனி ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. கேற்றின் பதினொரு கம்பிகளின் தோலில்.

ஒரு கம்பியைக் கழற்றிக் கொண்டுபோய் என்ன கலப்பு என்று பார்ப்பிக்கச் சொல்லி எத்தனை தடவை மன்றாடினேன். மாட்டேன் என்றான். ஒரு கம்பியைத் தொட்டால் பத்து வருடக் கணக்கு முறிந்துபோகுமாம். அதுவும் போக, பார்க்கிறவன் களவெடுப்பானாம். மணிக்கூடு கொடுத்து ஏமாற்றியவர்களை அவன் மறக்கவில்லை. சரி, பத்து வருடம்தானே, ஓடிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். அவனுடைய பிடிவாதம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என் முட்டாள்தனம் இவ்வளவு தூரம் சுட்டிருக்காது. இப்படி ஒரு செத்த மனிதன் மேல் பழியைப் போட்டுத்தான் நான் சில நாட்கள் தூங்குகிறேன்.

இப்போது எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஓகஸ்ட் மூன்றாம் ஞாயிறு மாதா சுரூபம் ஒழுங்கை வழியே வரும். முதல்நாள் சனிக்கிழமை காலையிலிருந்து ஒழுங்கையில் பெயின்ற் அடிக்காத கேற் இருக்கக்கூடாது. அடிக்க வசதியில்லாத வீட்டுக்குக் கொமிற்றி அடித்துக் கொடுக்கும். துருப்பிடித்த கேற்றுக்கு முன்னால் மாதாவைக் கொண்டுபோனால் ஒழுங்கைக்கே மானக்கேடு. ஹியூபேட் வருடா வருடம் அந்தச் சனிக்கிழமை காலையில் கதிரை ஒன்றைப் போட்டுக் கேற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஐறீனின் பூக்குடை தலைக்கு மேல். பெயின்ற் வாளியோடு யார் வந்தாலும் குடையை மடக்கி ஓங்குவான். கொமிற்றிக்காரரை நான் சமாளிப்பேன். ஒன்பது வருடம் இப்படி ஓடியது.

பத்தாவது வருடம் கதிரையில் ஆள் இல்லை. 2024 ஓகஸ்ட் முதல் வாரம் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சு முழுக்கப் பழுது, ஒக்சிஜன் இல்லாமல் பத்து அடி நடக்க முடியாது. டொக்டர் ஐறீனை வெளியே கூப்பிட்டு, செய்யக்கூடியது இனி அதிகம் இல்லை, திருவிழாவுக்கு வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஐறீன் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். வருத்தக்காரர் நோயாய்க் கிடக்கிற வீட்டு வாசலில் சுரூபத்தை நிறுத்தி, சுரூபத்தில் கட்டிய றிபனை அவர் கையில் கொடுத்துச் செபிப்பதும் எங்கள் வழக்கம். அதைக் கேட்கத்தான் வந்தாள். பாதர் சம்மதித்தார். சனிக்கிழமை பின்னேரம் ஹியூபேட் வீட்டுக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் நம்பர் வாசலில் மாதா நிற்பாள் என்று முடிவாயிற்று.

"மாதா வந்து நிக்கப் போற இடம் அண்ணை," என்றாள் ஐறீன். "இந்தத் துருவோட விடலாமோ? இவருக்குச் சுகம் கேட்டு நிக்கிற வாசலில?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், அதுதான் கொடுமை. பத்து வருடம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது. பூச்சு அடியில் இருக்கத்தானே போகிறது, மேலே ஒரு சட்டை போட்டால் என்ன, பிறகு தின்னர் போட்டுத் துடைத்தால் பெயின்ற் போய்விடும். இவ்வளவும்தான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். ஹியூபேட்டுக்கு ஒரு ஃபோன் கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். மூச்சுக்குத் தவிக்கிற மனிதனைக் கேற் பெயின்றுக்காகக் கரைச்சல்படுத்துவதா என்று விட்டேன். அவன் உயிர் பிழைக்கட்டும், கேற் கிடக்கட்டும் என்று நினைத்தேன். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று ஐம்பது வருடம் பழகிய எனக்குத் தெரியவில்லை.

சுமனபால பாஸ் எங்கள் ஒழுங்கைக்கு எப்போதும் பெயின்ற் அடிக்கிறவர். கைவேலை தெரிந்தவர்களை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல வேலைக்காரர். வருத்தக்காரர் வீடு, மாதா நிற்கிற வாசல், ஒரு பொட்டுத் துரு தெரியக்கூடாது, வடிவாகச் செய்யுங்கள் என்று சிங்களத்தில் அவருக்கு நன்றாக விளங்கப்படுத்திவிட்டு, நான் கோயிலில் லைற் கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டேன். பாஸ் சொன்னபடியே செய்தார். கேற்றை இறக்கி, ஆணி மறைகளைக் கழற்றி, இருபத்திரண்டு கம்பிகளையும் தனித்தனியாக எடுத்து, கம்பித் தூரிகை பூட்டிய மெசினால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். சாம்பல் நிறக் கம்பிகளில்தான் அழுக்குப் போகக் கஷ்டப்பட்டது, இரண்டு மடங்கு நேரம் தேய்த்தேன் என்று பிறகு என்னிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு பூட்டி, பிரைமர் அடித்து, வெள்ளிப் பெயின்ற் இரண்டு தரம். மாதாவுக்குச் செய்த வேலை என்று கூலியும் வாங்கவில்லை. கேற் பிரகாசமாக நின்றது. ஐறீன் சந்தோஷத்தில் அழுதாள்.

நாலு மணிக்கு ஹியூபேட்டை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வான் வந்தது. கதவைத் திறந்தவன் நான், வாயெல்லாம் பல்லாக. ஹியூபேட் ஒரு காலை நிலத்தில் வைத்தபடியே நின்றுவிட்டான். கேற்றைப் பார்த்தான். கன நேரம் பார்த்தான். ஐறீன் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் மெல்லக் கேட்டான்.

"ஆர் செய்தது?"

"சுமனபால பாஸ். நான்தான் சொன்னனான்."

"கையால சுரண்டினவரோ, மெசினாலயோ?"

"மெசினால. எல்லாத்தையும் கழட்டி, ஒவ்வொண்டா. வடிவாச் செய்தவர் மச்சான்."

என் வாயால் அதைச் சொல்லி முடிக்கும்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெயின்றுக்கு அடியில் இனிப் பூச்சு இல்லை.

"அந்தத் தூள் எங்க?" என்றான்.

தேய்த்த தூளைக் கூட்டி வைத்திருந்தால் அதிலிருந்தாவது என்ன கலப்பு என்று பார்க்கலாம் என்று நினைத்திருப்பான் போல. நான் ஓடிப்போய்த் தேடினேன். அறுபத்தேழு வயதில் ரோட்டில் முழங்காலில் நின்று சாக்கடைக் காணுக்குள் கையை விட்டேன். திருவிழாவுக்காகத் தண்ணீர்ப் பவுசர் வந்து ஒழுங்கையைக் கழுவிவிட்டுப் போயிருந்தது. ஒழுங்குபண்ணியவனும் நான்தான். திரும்பி வந்தபோது ஐறீன் தண்ணீரோடு நின்றாள். கேற் பிடித்திருக்கிறதா என்று அவனைக் கேட்டாள். வடிவாகத்தான் இருக்கிறது என்றான்.

அவனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நான் வெளிக்கிட எழும்பியபோது கையைப் பிடித்தான். பிடியில் பலம் இல்லை.

"ஐறீனுக்குச் சொல்லிப்போடாத," என்றான். "அவள் எனக்காண்டிச் செய்தவள். நான் போன பிறகு அவளுக்கு இது வேண்டாம்."

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம், அடித்திருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சுரூபம் வந்து நின்றது. கதிரையில் உட்கார்ந்து றிபனைக் கையில் வாங்கினான். ஒழுங்கை முழுக்க அவன் சுகத்துக்காகச் செபித்தது. மைக்கில் பிரார்த்தனை சொன்னவன் நான். எத்தனையாவது வரி என்று தெரியாமல் ஒரே வரியை மூன்று தடவை வாசித்தேனாம், பிறகு சொன்னார்கள். ஹியூபேட் மாதாவைப் பார்க்கவில்லை. ஒரு கை றிபனில், மற்றக் கை கேற்றின் கம்பியில். நகத்தால் மெல்லச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

செப்டெம்பர் எட்டாம் திகதி ஷிம்னா சொன்ன சொல் தவறாமல் வந்தாள். பத்து வருடத்துக்கு முன் சொன்னதை ஞாபகம் வைத்து, கமெராவும் ஒரு சின்னக் கருவியும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் நின்ற அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஐறீன் தேத்தண்ணி போட உள்ளே போயிருந்தாள். ஷிம்னா பெயின்றைச் சுரண்டிச் சுரண்டி ஒவ்வொரு கம்பியிலும் கருவியை வைத்துப் பார்த்தாள். ஆணி மறைகளைக் கழற்றியும் பார்த்தாள். அங்கேயும் பாஸ் வடிவாகத் தேய்த்திருந்தார்.

"ஒண்டும் மிச்சமில்ல அங்கிள்," என்றாள். கண் கலங்கியிருந்தது. "நான் போன வருஷமே வந்திருக்கலாம். ஒரு ஃபோட்டோவாவது எடுத்திருக்கலாம்."

ஹியூபேட் அவளைத் தேற்றினான். அவன்தான் அவளைத் தேற்றினான். தேத்தண்ணியோடு வந்த ஐறீன் எல்லோருடைய முகத்தையும் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். ஷிம்னா என்னைப் பார்த்தாள், நான் நிலத்தைப் பார்த்தேன். ஹியூபேட்தான் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னான்: "சரிவரேல்லையாம். என்ர பூச்சு சரியில்லையாம்." ஐறீன் அவன் தலையைத் தடவி, போனால் போகட்டும், நீங்கள் சுகமாக இருந்தால் போதும் என்றாள்.

நவம்பரில் செத்தான். கடைசி நாலு நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியைச் சுரண்டிக்கொண்டே கிடந்தான். பெட்டிக்கு மினுங்குகிற கைபிடி போட்டிருந்தார்கள். மருதானைக்காரன் சொன்னது ஞாபகம் வந்து, சவக்காலையில் எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. சிநேகிதம் அப்படி என்று ஆட்கள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

போன ஓகஸ்டில் மறுபடி திருவிழா. ஒரு வருடத்தில் வெள்ளிப் பெயின்ற் பொங்கி உரிந்து, உள்ளே இருந்து துரு வெளியே வந்துவிட்டது. இருபத்திரண்டு கம்பிகளும் ஒரே செம்பட்டை. எது அவனுடையது, எது மற்றது என்று என்னாலேயே சொல்ல முடியாது. சனிக்கிழமை காலை நான் அந்தக் கேற்றுக்கு முன்னால் போய் நின்றேன். காவல் காக்க அங்கே ஒரு மண்ணும் இல்லை என்று தெரியும். ஆனாலும் கொமிற்றி ஆட்கள் வாளியோடு வந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். சத்தம் கேட்டு ஐறீன் வெளியே வந்தாள்.

"விடுங்கோ அண்ணை, அடிக்கட்டும்," என்றாள். "இனி இங்க வருத்தக்காரர் ஒருத்தரும் இல்லை, மாதா நிக்கமாட்டா. ஆனா பாக்கிறதுக்கு வெக்கமா இருக்கு."

பிறகு கேற்றின் ஒரு கம்பியைத் தொட்டாள். துரு அவள் விரலில் ஒட்டியது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பாவம் மனுசன். பத்து வருஷம் இதை நம்பிக்கொண்டு இருந்திட்டார். இப்ப பாருங்கோ, இவரின்ர கம்பியும் மற்றதைப் போலத்தான். நல்லவேளை, இதைப் பாக்க முதல் போயிட்டார். என்ன அண்ணை, இவர் கண்டுபிடிச்சது பிழைதானே?"

அவன் என் கையைப் பிடித்த பிடி எனக்கு ஞாபகம் இருந்தது.

"ஓம்," என்றேன். பிறகு கடைக்குப் போய் இரண்டு ரின் வெள்ளிப் பெயின்ற் வாங்கிக்கொண்டு வந்து, நானே அடித்தேன்.